மேனுவல் என்று எழுதியிருந்தால் போதுமா? காம்பாக்ட் கேமராக்கள் பற்றி ஒரு குறிப்பு

கல்வெட்டுப் படங்களைப் பகிரும்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி வாசகத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "என்ன கேமரா சார்?" என்பதுதான் அது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இந்தக் குறிப்பு. சட்டைப் பையிலோ ஜோல்னாப் பையிலோ அடங்குகிற, மேனுவல் கட்டுப்பாடுள்ள டிஜிட்டல் கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது? கேள்வி எளிமையாகத் தெரிகிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'மேனுவல்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிடறேன். கேமராவின் தலையில் எம் என்று ஒரு எழுத்து இருப்பதால் மட்டும் அது மேனுவல் கேமரா ஆகிவிடாது. நான் வைத்ததை வைத்தபடி அது வைத்திருக்கிறதா, என்னைக் கேட்காமல் படத்தைத் 'திருத்தாமல்' இருக்கிறதா, இந்த இரண்டும்தான் கேள்வி. இதை அளவுகோலாக வைத்தால், விமர்சனங்களில் மேலே நிற்கும் சில கேமராக்கள் கீழே வரும். பத்துப் பதினைந்து வருடம் பழைய சில கேமராக்கள் மேலே போகும்.

எழுத்து என்பது நிழல்

கல்லில் எழுத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? காகிதத்தில் மை வேறு நிறம், தாள் வேறு நிறம். கல்லில் அப்படியில்லை. எழுத்தும் கல், பின்னணியும் கல். வெட்டின் ஒரு கரையில் வெளிச்சம் படுகிறது, மறு கரையில் நிழல் விழுகிறது. அந்த நிழலைத்தான் எழுத்தாகப் படிக்கிறோம். நேர் எதிரே இருந்து ஃப்ளாஷ் அடித்தால் எழுத்து காணாமல் போவது இதனால்தான். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது, மதியம் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் நான்கு வரி எழுந்து நிற்பதும் இதனால்தான்.

இன்றைய கேமராக்களிலும் செல்போன்களிலும் உள்ள தானியங்கி ஏற்பாடுகள் என்ன செய்கின்றன என்று இப்போது பாருங்க. நிழலைத் தூக்குகின்றன, வெளிச்சத்தை அடக்குகின்றன. பல படங்களை ஒன்றாகக் குழைத்து, எல்லாம் தெளிவாகத் தெரிகிற ஒரே படமாகத் தருகின்றன. குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கு இது பெரிய உதவி. கல்வெட்டுக்கு இது நேர் எதிரி. நான் படிக்க வேண்டிய நிழலைக் குறை என்று நினைத்து அது சரிசெய்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இரைச்சல் நீக்கம் என்ற பெயரில் மெல்லிய, மாறுபாடு குறைந்த கோடுகளைக் கேமரா வழித்துவிடும். பிறகு கூர்மையாக்குதல் என்று விளிம்புகளில் ஒரு வெள்ளைக் கரை பூசும். முதலாவது இருக்கிற கீறலை அழிக்கிறது, இரண்டாவது இல்லாத உளி விளிம்பை உண்டாக்குகிறது. மாங்குளம், ஜம்பை போன்ற இடங்களில் இயற்கையான பாறைமேல் வெட்டிய தமிழ்-பிராமி எழுத்துகளில் இது சின்ன விஷயமில்லை. ஒரு சிறு கோடு உயிர்க்குறியா, பாறை வெடிப்பா என்பதில் சொல்லே மாறிவிடும். அந்த முடிவை நானோ என்னைவிடத் தெரிந்தவரோ எடுக்க வேண்டும். கேமராவின் மென்பொருள் முன்னாடியே எடுத்து முடித்துவிட்டால், அப்புறம் நாங்கள் எதைப் படிக்கிறோம்?

இதில் அவசரமும் உண்டு. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுத்தம் செய்த கோயில்களில் எழுத்துகள் மழுங்கியதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பளிங்குத் தரை போடும்போது அதிட்டானத்தின் கீழ் வரிகள் புதைந்துபோவதும், சுண்ணாம்புக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் நடுகற்கள் மறைவதும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. இன்று எடுக்கும் படமே நாளை மிச்சமிருக்கும் ஒரே சான்றாக ஆகலாம். அழகாக இருந்தால் அந்தப் படத்துக்குப் போதாது. அது எப்படி எடுக்கப்பட்டது என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எதற்கெல்லாம் கை வேண்டும்?

எக்ஸ்போஷரிலிருந்து தொடங்கலாம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். கருங்கல்லைக் காட்டினால் வெளுக்க வைக்கும், சுண்ணாம்புச் சுவரைக் காட்டினால் மங்க வைக்கும். நீளமான கல்வெட்டைப் பத்துப் படங்களாக எடுத்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்தால் ஒட்டிய இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். ஒருமுறை வைத்த எக்ஸ்போஷர் பத்துப் படத்துக்கும் மாறாமல் நிற்க வேண்டும்.

ஒயிட் பேலன்ஸ் அடுத்தது. கீழ்வாலை போன்ற இடங்களில் உள்ள செங்காவி ஓவியங்களை எடுக்கும்போது இது உயிர்நாடி. மங்கிய காவியைக் கணினியில் பிரித்தெடுக்க டீஸ்ட்ரெச் என்ற நிரலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது நிறங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டை இழுத்துக் காட்டுகிறது. படத்துக்குப் படம் நிறம் மாறினால் ஒப்பிட வழியில்லை. ஜேபெக் சுருக்கத்தின் கட்டங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே இழுத்துக் காட்டும்.

ஃபோகஸ் தூரத்தைப் பூட்ட முடிய வேண்டும். பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்கிறவர்களுக்கு ஃபோகஸும் ஜூமும் இடையில் நகரவே கூடாது. ஒளியின் திசையை மட்டும் மாற்றி மாற்றி எடுத்து, பிறகு திரையில் வெளிச்சத்தை நகர்த்திப் படிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2001-ல் வெளியிட்டதிலிருந்து அது வளர்ந்தது. கேமரா முக்காலியில், எக்ஸ்போஷர் பூட்டி, ஃபோகஸ் பூட்டி, வெளிச்சம் மட்டும் நகர வேண்டும். மேனுவல் இல்லாத கேமராவில் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

கடைசியாக ராக் கோப்பு. சென்சார் பதிந்ததைக் கூடியவரை சமைக்காமல் தருவது. இதிலும் முழுப் பச்சையாகக் கிடைக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பானாசோனிக் எல்எக்ஸ்3 முதலாகப் பல காம்பாக்ட் கேமராக்கள் லென்ஸின் வளைவுக் குறையைத் திருத்தும் விவரத்தை ராக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புகின்றன. படத்தைத் திறக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் நேராக்கிவிடும். ஆனாலும் இரைச்சல் நீக்கமும் கூர்மையாக்குதலும் நம் கைக்கு வந்துவிடுகின்றன. அதுவே பெரிய விஷயம்.

அபெர்ச்சர் என்னும் அலங்காரம்

மேனுவல் என்றதும் எல்லாரும் முதலில் நினைப்பது அபெர்ச்சர். புகைப்பட வகுப்பில் முதல் பாடமே அதுதான். சிறிய சென்சார் உள்ள காம்பாக்டில் இந்தப் பாடம் பெரும்பாலும் செல்லாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பு உயர்தர காம்பாக்டுகளில் இருந்தது 1/1.7 அங்குலம் எனப்படும் சென்சார். சுமார் 7.6 மி.மீ. அகலம், 5.7 மி.மீ. உயரம். 35 மி.மீ. பிலிமோடு ஒப்பிட்டால் மூலைவிட்டம் ஏறக்குறைய நாலரை மடங்கு சிறியது. ஃபோகஸ் ஆழத்தைப் பொறுத்தவரை இதில் எஃப் 4 என்பது பிலிமில் எஃப் 18 மாதிரி. எஃப் 8 வைத்தால் எஃப் 36 மாதிரி. ஆழம் முதலிலேயே தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் மூடினால் நஷ்டம்தான். எஃப் 8-ல் ஒளி சிதறி உண்டாக்கும் புள்ளியின் விட்டம் பத்து மைக்ரானைத் தாண்டும். கேனான் ஜி10-ன் ஒரு பிக்சல் அகலம் சுமார் 1.7 மைக்ரான். ஒரு புள்ளி ஆறு பிக்சலுக்குப் பரவி நிற்கும். பதினான்கு மெகாபிக்சலுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை நாமே கலைத்துக்கொள்வது போல.

ஆக, இந்த வகைக் கேமராவில் அபெர்ச்சரை எஃப் 4 பக்கம் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மலிவான சில மாடல்களில் உண்மையான அபெர்ச்சர் இதழ்களே கிடையாது. ஒளியைக் குறைக்கும் ஒரு கண்ணாடித் துண்டு உள்ளே வந்து விழும், திரையில் மட்டும் எஃப் எண் மாறும். அங்கே 'மேனுவல்' என்பது எண்ணை மாற்றும் விளையாட்டு, அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் பார்த்தால் சிறிய சென்சாரின் பலமும் தெரியும். அதிட்டானத்தில் உருள் குமுதத்தின் மேல் வெட்டிய வரிகளை எடுத்தவர்களுக்குத் தெரியும், எழுத்து வளைந்து பின்னால் போகும். பெரிய சென்சாரில் நடுவரி தெளிவாக இருக்கும்போது மேல்வரியும் கீழ்வரியும் மங்கும். எஃப் 11, எஃப் 16 என்று மூட வேண்டிவரும், ஷட்டர் வேகம் விழும். 1/1.7 அங்குல சென்சாரில் எஃப் 4-லேயே மூன்று வரியும் தெளிவாக வந்துவிடும். சிறிய சென்சாரின் குறை இருட்டில் வரும் இரைச்சல். முக்காலியும் ஐஎஸ்ஓ 80 அல்லது 100-ம் இருந்தால் அந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது. கல் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை.

மெகாபிக்சல் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். பத்து மெகாபிக்சல் படத்தின் அகலம் சுமார் 3,650 பிக்சல். அறுபது செ.மீ. அகலக் கல்லை அதில் நிரப்பினால் ஒரு மி.மீ.-க்கு ஆறு பிக்சல் கிடைக்கும். மூன்று செ.மீ. உயர எழுத்துக்கு 180 பிக்சல். இரண்டு மி.மீ. அகல உளிக் கோட்டுக்குப் பன்னிரண்டு. படிக்க இது தாராளம். அகலமான கல்லென்றால் இரண்டாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். நாற்பது மெகாபிக்சல் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சில கேமராக்கள், சில தீர்ப்புகள்

கேனானின் ஜி வரிசையை ஒரு பாடமாகவே படிக்கலாம். 2000-ல் ஜி1. அதிலிருந்து 2004-ன் ஜி6 வரை எஃப் 2-ல் தொடங்கும் லென்ஸ், மடக்கித் திருப்பும் திரை, ராக் கோப்பு மூன்றும் இருந்தன. 2006-ல் ஜி7 வந்தது. வெளியே பார்த்தால் மேனுவலுக்கே பிறந்த கேமரா, ஐஎஸ்ஓவுக்கென்று மேலே தனிச் சக்கரம் வேறு. உள்ளே ராக் கோப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். திரை திரும்பவில்லை. லென்ஸும் எஃப் 2.8-க்கு இறங்கிவிட்டது. சக்கரத்தைக் கொடுத்து, அந்தச் சக்கரத்தால் கிடைக்க வேண்டியதைப் பிடுங்கிக்கொண்ட கேமரா என்று ஜி7-ஐச் சொல்வேன். அட்டைப்பெட்டி மேனுவலுக்கும் அசல் மேனுவலுக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2007-ல் ஜி9-ல் ராக் கோப்பு திரும்பி வந்தது. 2008-ல் ஜி10, கிட்டத்தட்ட பதினைந்து மெகாபிக்சல். 2009-ல் ஜி11-ல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள், திருப்பும் திரையும் திரும்பியது. எண்ணிக்கையைக் கூட்டுவதே முன்னேற்றம் என்று விற்ற தொழிலில், எண்ணிக்கையைக் குறைத்து அடுத்த மாடல் வெளியிட்டது அபூர்வம். என் வேலைக்கு ஜி11-ம் 2010-ன் ஜி12-ம் இன்றும் போதுமானவை. 28-லிருந்து 140 மி.மீ. வரை போகும் ஜூம் இருப்பதால் உயரத்தில் உள்ள வரிகளை வளைவில்லாமல் எடுக்கலாம். திரையைத் திருப்பி, தரையோடு தரையாக ஜகதி வரிகளையும் குப்புறப் படுக்காமல் எடுக்கலாம். மேலே எக்ஸ்போஷர் ஈடுகட்டும் சக்கரமும், தனி ஃப்ளாஷ் மாட்டும் இடமும் உண்டு. சட்டைப் பையில் மட்டும் நுழையாது.

அதே 2009-ல் வந்த எஸ்90 ஜி11-ன் சென்சாரையே சட்டைப் பைக்குள் கொண்டுவந்தது. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் வைத்தது அதன் பெருமை. எந்த வேலையை அதற்குக் கொடுக்கலாம் என்று நாமே முடிவு செய்யலாம். ஆனால் பின்பக்கச் சக்கரத்துக்குத் தடையே இல்லை. பையிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டு எக்ஸ்போஷர் நகர்ந்திருக்கும். அடுத்த வருடம் எஸ்95-ல் அதற்கு 'டக் டக்' என்ற பிடிப்பு வைத்தார்கள். கேட்டால் அற்பமான மாற்றம். வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்ற அளவுகோலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த டக்தான். எஸ்90, எஸ்95 என்று கிடைத்தால் யோசிக்காமல் பின்னதை எடுங்கள்.

பானாசோனிக் எல்எக்ஸ்3, 2008. 24-லிருந்து 60 மி.மீ. வரைதான் ஜூம், ஆனால் எஃப் 2-லிருந்து 2.8-க்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் பிடித்தது லென்ஸ் குழல்மேல் இருக்கும் இரண்டு சின்னத் தள்ளு பொத்தான்கள். ஒன்று படத்தின் நீள அகல விகிதத்துக்கு, மற்றது தானியங்கி ஃபோகஸ், மிக அருகில், மேனுவல் ஃபோகஸ் என்று மாற்ற. கேமரா அணைந்திருக்கும்போதே விரலால் தடவி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டு மண்டபத்தில் இது எவ்வளவு உதவி என்று பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். லென்ஸ் மூடியைக் கையால் கழற்ற வேண்டும் என்று இதை விமர்சனங்களில் திட்டினார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை.

சோனி ஆர்எக்ஸ்100 2012-ல் வந்தபோது காம்பாக்ட் உலகமே புரண்டது. 13.2 மி.மீ. அகல சென்சார், இருபது மெகாபிக்சல், எஃப் 1.8 லென்ஸ், எல்லாம் சட்டைப் பைக்குள். படத் தரத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் இது தாண்டும். கட்டுப்பாட்டில் தாண்டாது. லென்ஸ் வளையம் வழுக்கிச் சுழலும், பிடிப்பு இல்லை. எங்கே நிற்கிறோம் என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தனி ஃப்ளாஷ் மாட்ட முதல் மாடலில் இடமில்லை. ஜூமை முழுக்க நீட்டினால் 55 செ.மீ.-க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது, ஓலைச்சுவடி எடுக்கிறவர்களுக்கு இது இடிக்கும். பயண நண்பனாக ஒரே ஒரு கேமரா என்றால் இதையே சொல்வேன். சான்று எடுக்கும் கருவி என்றால் இரண்டாவது இடம்தான்.

ரிக்கோ ஜிஆர், 2013. எஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார், ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை மட்டும். கோயிலின் அடித்தளத்துக்கும் பின்னால் கட்டிய மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்துகள் உண்டே, அங்கே பின்னால் நகர முடியாது. அந்த இடத்துக்கு இதுதான். ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே ஒன்று, ஒன்றரை மீட்டர் என்று வைத்துவிடலாம். நம் அமைப்புகளை மூன்று தொகுதிகளாகச் சேமித்து, சக்கரத்தைத் திருப்பினால் அப்படியே திரும்பக் கிடைக்கும். கட்டுப்பாட்டைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவர்கள் செய்த கேமரா என்று இது ஒன்றைத்தான் முழு மனதோடு சொல்வேன். சென்சாரில் தூசி புகுவது இதன் பெயர்போன வியாதி. பழையது வாங்கும்போது வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்துப் பாருங்கள்.

2011-ல் கடைக்கு வந்த ஃபியூஜி எக்ஸ்100 பற்றியும் கேட்பீர்கள். மேலே ஷட்டர் வேகச் சக்கரம், லென்ஸில் அபெர்ச்சர் வளையம், அணைந்திருக்கும்போதே எல்லா எண்ணையும் கண்ணால் படிக்கலாம். அழகு. ஆனால் அதன் விலையில் பாதி அந்த அழகுக்குப் போகிறது. முதல் சில மாடல்களில் மிக அருகில் எஃப் 2-ல் எடுத்தால் படம் கலங்கலாக வரும், எஃப் 4-க்கு மூட வேண்டும். பழைய பிலிம் கேமராவின் சக்கரங்களைப் பார்த்ததும் இதுதான் மேனுவல் என்று நாம் மயங்குகிறோம். என் அனுபவத்தில் களத்தில் அதிகம் உதவுவது சக்கரம் இல்லை, சேமித்த அமைப்பு. கேனானில் சி, சோனியில் எம்ஆர், ரிக்கோவில் மை என்று சக்கரத்தில் ஒரு மூலையில் இருக்கும். விமர்சனங்களில் அரை வரி வரும். கேமராவை அணைத்து அடுத்த ஊரில் திறந்தாலும் அதே எக்ஸ்போஷர், அதே ஒயிட் பேலன்ஸ், அதே ராக் கோப்பு என்று நிற்பது அதனால்தான்.

ஷட்டரின் மறைந்த நன்மை

காம்பாக்ட் கேமராக்களில் ஷட்டர் பெரும்பாலும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். பெரிய எஸ்எல்ஆர் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் திரை மாதிரி இருக்கும். அந்தத் திரை ஷட்டரோடு ஃப்ளாஷ் ஒத்துப்போவது சாதாரணமாக நொடியில் 1/200, 1/250 வரைதான். லென்ஸ் ஷட்டரில் அந்தத் தடை இல்லை, 1/1000 வரைகூடப் போகலாம். நடுப்பகலில் வந்து நிற்கிறீர்கள், மாலை வரை காத்திருக்க முடியாது என்று வையுங்கள். குடையை விரித்துக் கல்லுக்கு நிழல் கொடுத்து, 1/1000-ல் மிச்ச வெளிச்சத்தை வெட்டிவிட்டு, கேபிளில் இணைத்த சின்ன ஃப்ளாஷைக் கல்லின் ஓரத்தில் சாய்வாகப் பிடித்து அடித்தால் பகலிலேயே மாலை வெயில் கிடைத்துவிடும். ஜி11, எல்எக்ஸ்3, ஜிஆர் மூன்றிலும் இது நடக்கும், தனி ஃப்ளாஷ் மாட்டும் இடம் இருப்பதால். ஃப்ளாஷே இல்லையென்றாலும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெளியே வெயிலில் பிடித்து மண்டபத்துக்குள் சாய்வாக வெளிச்சம் அனுப்பலாம். எக்ஸ்போஷர் மட்டும் பூட்டியிருக்க வேண்டும்.

இதைச் செய்தால் இன்னொரு கெட்ட பழக்கமும் ஒழியும். எழுத்து தெரிய மைதா மாவையும் சுண்ணாம்புப் பொடியையும் கல்லில் அப்பி எடுக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். எந்தக் குழியை எழுத்து என்று நினைத்தோமோ அதில்தான் மாவு நிரம்பும். படத்தில் தெரிவது கல் இல்லை, மாவு தடவியவரின் வாசிப்பு. செல்போன் மென்பொருள் செய்கிற அதே வேலையைக் கையால் செய்வது இது.

விமர்சனங்கள் கேட்காதது

கேமரா விமர்சனங்களை வருடக்கணக்கில் படித்து வருகிறேன். அளவெடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கவில்லை. ஐஎஸ்ஓ 3200-ல் இரைச்சல் எவ்வளவு, மூலையில் எத்தனை கோடு தெரிகிறது, நொடிக்கு எத்தனை படம் என்று பட்டியல் வரும். ஆனால் அணைத்துத் திறந்தால் ஜூம் எங்கே போய் நிற்கும், மேனுவல் ஃபோகஸ் தூரம் நினைவில் இருக்குமா, ஒயிட் பேலன்ஸை மாற்ற எத்தனை அழுத்தம் வேண்டும், இரைச்சல் நீக்கத்தை முழுவதும் நிறுத்த முடியுமா போன்ற கேள்விகளுக்கு விடை தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும். காரணம் எளிது. விமர்சகர் கேமராவைச் சில வாரம் வைத்திருந்து தெருக்காட்சியும் பூவும் எடுக்கிறார். ஒரே பொருளை ஒரே மாதிரி இருநூறு தடவை எடுக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை. ஆகவே 'மேனுவல் கட்டுப்பாடு: உண்டு' என்று ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். உற்பத்தியாளர்களும் அந்த டிக்குக்காகத்தான் செய்கிறார்கள். ஜி7 பிறந்தது அப்படித்தான்.

"இப்போது போனிலேயே ராக் எடுக்கலாமே, புரோ மோடு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில போன்களில் உண்மையாகவே நன்றாக இருக்கிறது, ஒன்றுமே இல்லாததற்கு அது ஆயிரம் மடங்கு மேல். வழியில் ஒரு நடுகல்லைப் பார்த்தால் போனில் எடுத்துவிட்டே நகருங்கள். ஆனால் அதன் அபெர்ச்சர் பெரும்பாலும் மாறாது, ஃப்ளாஷைத் தள்ளிப் பிடிக்க வழியில்லை. ராக் என்று தருவதிலும் பல படங்களைக் குழைத்துத் தருகிற போன்கள் உண்டு. அது எத்தனை படம், எப்படிக் குழைத்தது என்று எனக்குச் சொல்வதில்லை. மைப்படி எடுத்தவர் எந்தப் பக்கத்திலிருந்து தட்டினார், மை எங்கே தடித்தது என்று படியைப் பார்த்தே சொல்லிவிடலாம். போன் படத்தில் அந்தக் கைத்தடயம் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு

காம்பாக்ட் சந்தை சுருங்கிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-ல் லென்ஸ் பொருத்தியே வரும் கேமராக்கள் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023-ல் இருபது லட்சத்துக்கும் கீழே. புதியதாகக் கிடைப்பவை குறைவு, விலையும் அதிகம். பழைய கேமராக்களுக்கு இளைஞர்களிடம் திடீர் மவுசு வந்திருப்பதால் அவற்றின் விலையும் ஏறுகிறது. ஆனாலும் ஜி11, ஜி12, எல்எக்ஸ்3, அதன் அடுத்த மாடல் எல்எக்ஸ்5 எல்லாம் தேடினால் கிடைக்கும். மாணவர் ஒருவர் கேட்டால் முதலில் இவற்றைத்தான் சொல்வேன். மிச்சப் பணத்தில் உறுதியான முக்காலியும், ஒரு சின்ன ஃப்ளாஷும், அதற்கு ஒரு கேபிளும் வாங்கச் சொல்வேன். பணம் இருந்தால் ஜிஆர்.

கடையில் பத்து நிமிடம் போதும். எம்-ல் வைத்து, ராக் கோப்பை இயக்கி, மேனுவல் ஃபோகஸை ஒரு மீட்டரில் நிறுத்தி, அதைச் சேமிக்கப் பாருங்கள். அணைத்துத் திறந்து, எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சரிபாருங்கள். பைக்குள் போட்டுக் குலுக்கி எடுத்து மறுபடி பாருங்கள், சக்கரம் நகர்ந்திருக்கிறதா? ஒரே சுவரை ஐந்து தடவை எடுத்து, ஐந்தும் ஒரே நிறத்திலும் ஒரே வெளிச்சத்திலும் வந்திருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். லென்ஸ் வெளியே வரும்போது சத்தமோ தயக்கமோ இருந்தால் வேண்டாம். பேட்டரி இன்னும் கடைகளில் கிடைக்கிற ரகமா என்று கேளுங்கள்.

வாங்கின பிறகு ஒரே ஒரு பழக்கம் வேண்டும். எந்தக் கல்லை எடுத்தாலும் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். அதோடு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்ன நேரம், ராக் கோப்பில் பிறகு என்ன மாற்றினேன் என்று நோட்டில் இரண்டு வரி. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களைக் கோப்பே சொல்லிவிடும். வெளிச்சத்தின் திசையை எந்தக் கேமராவும் எழுதி வைப்பதில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

வேறு மாடல்களை இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள், மேலே சொன்ன பத்து நிமிடச் சோதனையில் உங்கள் கேமரா எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள். எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்.